தள்ளாட்டமும் காதுக்குள் இருக்கும் தராசும்

(தோட்டச் சுகாதாரக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"தலை கிறுகிறுக்குது, கால் ஒரு பக்கமா இழுக்குது" என்று யாராவது சொன்னால் நம் லயங்களில் என்ன பேசுகிறோம்? "ஒடம்புல ரத்தம் இல்ல" என்கிறோம். ஆம்பிளையாக இருந்தால் "காலையிலேயே போட்டுட்டான்" என்கிறோம். சில வீடுகளில் மந்திரிக்கக் கூட்டிப் போகிறோம். ரத்தக் குறைவினாலும் தலைசுற்று வரும், அது உண்மைதான். ஆனால் பலருக்கு இந்த நோய் இருப்பது காதுக்குள்ளே. அதைப் பற்றியும், அதற்கு மின்சாரத்தால் செய்யப்படும் ஒரு புதிய வைத்தியத்தைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறோம்.

காது கேட்பதற்கு மட்டும் உள்ளதல்ல. உட்செவியில் மூன்று சின்ன அரைவட்டக் குழாய்களும், அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னப் பைகளும் இருக்கின்றன. தலை திரும்பும்போது குழாய்க்குள் இருக்கும் நீர் அசைந்து, மயிர் போன்ற நுண்ணிய உணர்கலங்களை வளைக்கிறது. அந்தச் செய்தி நரம்பு வழியே மின்துடிப்பாக மூளைக்குப் போகிறது. அதை வைத்துத்தான் மூளை நம்மை நிமிர்த்தி நிற்க வைக்கிறது.

இரண்டு காதிலும் இது கெட்டுப்போனால், பகலில் கண்ணை வைத்து ஓரளவு சமாளிக்கலாம். இருட்டில், பனிமூட்டத்தில், மேடு பள்ளத்தில் சமாளிக்க முடியாது. கூடையோடு சரிவில் இறங்குகிறவருக்கு இது எவ்வளவு ஆபத்து என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சரி, மின்சாரம் எங்கே வருகிறது? காதிலிருந்து போகும் செய்தியே மின்துடிப்புத்தானே! தலை வழியே மின்சாரம் செலுத்தினால் மனிதன் தள்ளாடுவான் என்பதை 1820ஆம் ஆண்டளவிலேயே பிராக் நகரத்தில் புர்கின்யே என்ற அறிஞர் கவனித்து எழுதினார். இரண்டு காதுக்கும் பின்னால் உள்ள எலும்பின் மேல் ஒவ்வொரு பட்டையை ஒட்டி, ஒரு மில்லி அம்பியர் அளவு மின்னோட்டம் கொடுத்தாலே போதும். நிற்கிறவர் நேர்முனை இருக்கும் பக்கமாகச் சாய்வார்.

தள்ளாட வைக்கும் மின்சாரமே தள்ளாட்டத்தைக் குறைக்குமா? குறைக்கும் என்று டோக்கியோ பல்கலைக்கழக வைத்தியர்கள் 2014இல் காட்டினார்கள். அவர்கள் கொடுத்தது உடம்புக்கே தெரியாத, ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும் மிகச் சிறிய மின்னோட்டம். இரண்டு காதும் பழுதான 11 பேரில் 10 பேர் அந்த நேரத்தில் முன்னைவிட ஆடாமல் நின்றார்கள்.

மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் தராசைப் பாருங்கள். சில நேரம் முள் ஒட்டிக்கொண்டு நிற்கும். லேசாக ஒரு தட்டுத் தட்டினால் விடுபட்டுச் சரியான நிறையைக் காட்டும். பலவீனமான காதுச் செய்தியை இந்தச் சிறு மின்சாரமும் அப்படித்தான் தட்டி எழுப்புகிறது.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியர்கள் இன்னொரு வழியில் போனார்கள். சத்திரசிகிச்சை செய்து உட்செவிக்குள்ளேயே மின்கம்பிகளை வைத்து, தலையின் அசைவை அளக்கும் கருவியோடு அவற்றை இணைத்தார்கள். 2021இல் வெளியான அறிக்கையின்படி, அப்படிச் செய்துகொண்ட 8 பேருக்கும் பொதுவாக நிற்பதும் நடப்பதும் மேம்பட்டது. ஆனால் கருவி வைத்த காதில் கேட்கும் திறன் குறைந்தது. ஆகவே இது எல்லோருக்கும் ஏற்றதல்ல.

இந்த இரண்டு முறையும் இன்னமும் ஆராய்ச்சியில்தான் இருக்கின்றன. "கரண்டு வச்சுத் தலைசுற்ற நிப்பாட்டுறேன்" என்று யாராவது பெட்டியோடு வந்தால் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள். வீட்டில் பட்டரி, வயர் வைத்துப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அப்படியென்றால் இன்று நமக்கு என்ன வழி? வழி இருக்கிறது, செலவும் குறைவு.

முதலாவது: படுக்கையில் புரளும்போது மட்டும் சில விநாடிகள் உலகமே சுற்றினால், காதுக்குள் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கலாம். வைத்தியர் தலையை ஒரு முறையாகத் திருப்பித் திருப்பி அதைச் சரிசெய்வார். மின்சாரம் வேண்டாம், பெரும்பாலும் மருந்தும் வேண்டாம்.

இரண்டாவது: கண்ணை ஒரு பொருளில் நிறுத்தித் தலையை அசைக்கும் பயிற்சிகள் இருக்கின்றன. 1940களில் இங்கிலாந்தில் கோதோர்ன், குக்ஸி என்ற இருவர் இத்தகைய பயிற்சிகளை ஒழுங்குபடுத்தினார்கள். வைத்தியரிடம் கேட்டுப் பழகி, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு தினமும் செய்யுங்கள்.

மூன்றாவது: ஜென்டமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள் சிலருக்கு உட்செவியைக் கெடுக்கும். அவை உயிர் காக்கும் மருந்துகள், நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால் ஊசி போடும் காலத்தில் காது இரைந்தாலோ, நடை தள்ளாடினாலோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நான்காவது: தலைசுற்றோடு வாய் கோணினால், பேச்சுக் குழறினால், கை கால் விழுந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அது காது நோயல்ல, பக்கவாதமாக இருக்கலாம்.

தள்ளாட்டம் உள்ளவரை ராத்திரியில் தனியாகப் பீலிக்கரைக்கு அனுப்பாதீர்கள். டோர்ச் வெளிச்சமும் கையில் ஒரு கம்பும் இருக்கட்டும். சரிவான மலையில் நிரை போடும்போது கங்காணிமார் அவருக்குச் சமமான இடத்தைக் கொடுத்து உதவ வேண்டும். தள்ளாடுகிறவரைக் குடிகாரர் என்றும் சோம்பேறி என்றும் பேசினால் அவர் நோயை மறைப்பார், மறைத்தால் விழுவார். நாம் பேச்சை நிறுத்தி, அவரை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போவோம்.