பிரபுக்களின் எதிர்ப்பும் உழைப்பாளரின் உரிமையும்

(கோலார் தங்கவயலில் ஆற்றப்பட்ட உரை)



‘புராட்டஸ்டண்ட்’ என்றால் எதிர்ப்பாளர் என்று பொருள். 1529-இல் ஸ்பேயர் நகரில் கூடிய ஜெர்மானியப் பேரரசின் மன்றம் லூதரின் சீர்திருத்தத்தைத் தடுக்க முடிவெடுத்தது. 6 சிற்றரசர்களும் 14 நகரங்களும் அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தனர். அதிலிருந்தே இப்பெயர் பிறந்தது.

நான்காண்டுகளுக்கு முன், 1525-இல், உழவர்களும் அதே விவிலியத்தை ஏந்தி எழுந்திருந்தனர். பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும், காடும் நீரும் பொதுவாக வேண்டும், போதகரைத் தாமே தெரிந்தெடுக்க வேண்டும் என்பன அவர்களது 12 கோரிக்கைகளில் அடங்கும். லூதரோ அவர்களை வெட்டி வீழ்த்துமாறு ஆள்வோரைத் தூண்டினார். பல்லாயிரவர் மாண்டனர், தாமஸ் மூன்ட்சரின் தலை கொய்யப்பட்டது. இவ்வரலாற்றை எங்கெல்ஸ் 1850-இல் எழுதினார்.

சிற்றரசர்களுக்கே ஆபத்து வந்தபோது இறையியல் வேறு குரலில் பேசியது. கொடுங்கோன்மையைக் கீழ்நிலை ஆட்சியாளர்கள் எதிர்க்கலாம் என்று 1550-இல் மக்டெபர்க் போதகர்கள் அறிக்கை வெளியிட்டனர். 1572-இல் பிரான்சில் ஹியூகனாட்டுகள் படுகொலை செய்யப்பட்ட பின், கால்வினின் வாரிசான தியோடர் பேசா இக்கோட்பாட்டை விரித்துரைத்தார். மக்களுக்காகவே மன்னன் என்றார் அவர். ஆனால் ஆயுதமேந்தும் உரிமையைச் சாதாரணக் குடிமகனுக்கு அவர் அளிக்கவில்லை; பிரபுக்களுக்கும் பிரதிநிதி சபைகளுக்குமே அளித்தார்.

எனினும் அக்கருத்து பிரபுக்களோடு நின்றுவிடவில்லை. 1647-இல் பட்னியில் கிராம்வெல்லின் படைவீரர்கள் வாக்குரிமை கேட்டனர். நாட்டில் நிலையான சொத்து இல்லாதவருக்கு அவ்வுரிமை இல்லை என்று அயர்டன் மறுத்தார். கடவுளின் பெயரால் தொடங்கிய வாதம் சொத்தின் வாசலில் நின்றது.

தங்கவயலுக்கு வந்த தமிழ்த் தொழிலாளருக்குச் சொத்தும் இல்லை, சாதி மதிப்பும் இல்லை. மேலே மைசூர் மன்னர்; சுரங்கத்தில் ஜான் டெய்லர் கம்பெனி. அவர்களுக்காகப் பேசக் ‘கீழ்நிலை ஆட்சியாளர்’ எவரும் இல்லை. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து அவர்களே வேலைநிறுத்தம் செய்தனர். 1946 நவம்பர் 4 அன்று ஆறு தொழிலாளர் துப்பாக்கிச்சூட்டில் உயிரீந்தனர். கோயிலுக்குச் செல்பவரும் தேவாலயத்துக்குச் செல்பவரும் ஒரே சங்கத்தில் நின்றனர்.

மதச்சிந்தனை உரிமைக்கு மொழி தந்ததை மறுக்க வேண்டியதில்லை. அம்மொழியை யார் பேசினர், யாரைப் பேசவிடவில்லை என்பதே வர்க்கக் கேள்வி. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது, அக்கேள்வி மூடப்படவில்லை. உழைத்தவரின் உரிமையை உழைத்தவரின் அமைப்பே வெல்லும்.