மருத்துவமனையில் நமக்கொரு மேசை

(மும்பையில் நடைபெற்ற நம் சங்கப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரை)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவது பொருள், சங்கத்தின் சார்பில் இலவச மருந்தகம் கட்ட நிதி திரட்டுவது. தீர்மானத்தைக் கொண்டுவந்த தோழர்களின் நல்லெண்ணத்தில் எங்களுக்கு ஐயமில்லை. ஆயினும் அதை எதிர்த்துப் பேசவே எங்கள் கிளையின் சார்பில் இங்கே நிற்கிறோம். கட்டடம் வேண்டாம், ஒரு மேசை போதும் என்பது எங்கள் வாதம். அந்த மேசை நம் இடத்தில் அல்ல, அரசு மருத்துவமனையின் உள்ளே கிடக்க வேண்டும்.

நம் பகுதியில் மருத்துவமனையே இல்லையா, தோழர்களே? இருக்கிறது. மாநகராட்சி நடத்துகிறது. நம் வரிப்பணமும் அதில் இருக்கிறது. சீட்டு வாங்கும் வரிசையில் நிற்க எந்தத் தடையும் இல்லை. தடை அதற்குப் பிறகுதான் வருகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது ஆண்டு இங்கே இட்லி சுட்டு விற்றுப் பிழைத்த ஓர் அம்மாள் மருத்துவர் முன் உட்காருகிறார். ஊர்ப் பேச்சில் அவருக்கு வலியைச் சொல்லப் பத்துச் சொற்கள் உண்டு. குத்துகிறது, குடைகிறது, கடுகடுக்கிறது, சுண்டி இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது என்று சொல்வார். ஒவ்வொன்றும் வேறு வேறு நோயின் அடையாளம். ஆனால் சந்தை இந்தியில் அவருக்குத் தெரிந்தது 'தர்த்' என்ற ஒரே சொல். மருத்துவர் எந்த நோய்க்கு மருந்து எழுதுவார்? பக்கத்தில் கேரளத்துச் செவிலியர் யாராவது நின்றால் அன்றைக்கு நல்ல காலம். அவர் பணிமுறை முடிந்து போய்விட்டால் அதுவும் இல்லை.

இது தமிழனுக்கு மட்டும் நேர்ந்த தலைவிதி என்று நினைத்துவிடக் கூடாது. நியூயார்க் நகரத்துக் கதையொன்றைச் சொல்கிறோம். கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறோம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புவேர்ட்டோ ரிக்கோ என்பது கரிபியன் கடலில் உள்ள தீவு. 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா பறித்துக்கொண்டது. 1917இல் அந்த மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை தரப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிழைப்புத் தேடி இலட்சக்கணக்கில் நியூயார்க்குக்கு வந்தார்கள். கடவுச்சீட்டு வேண்டாம், விசா வேண்டாம். சட்டப்படி சொந்த நாட்டிலேயே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வந்தவர்கள். ஆனால் பேச்சு ஸ்பானிஷ், நிறம் மாநிறம். ஆகவே நகரம் அவர்களை அயலார் என்றுதான் நடத்தியது. 1966க்குப் பிறகு இந்த நகரத்தில் 'லுங்கிவாலா' என்று ஏச்சு வாங்கிய நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த மக்களின் இளைஞர்கள் 'யங் லார்ட்ஸ்' என்றோர் அமைப்பு வைத்திருந்தார்கள். சிகாகோவில் தெருக் கும்பலாக இருந்து, 1968இல் அரசியல் அமைப்பாக மாறியது. நியூயார்க் கிளை 1969 கோடையில் தொடங்கியது. வந்தவுடன் புரட்சி பேசத்தான் அவர்களுக்கு ஆசை. ஆனால் மக்களிடம் போய் உங்களுக்கு என்ன குறை என்று கேட்டபோது, குப்பை அள்ளவில்லை என்று பதில் வந்தது! நகர சுகாதாரத் துறையிடம் துடைப்பம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. எடுத்துக்கொண்டு வந்து தெருவைக் கூட்டினார்கள். கூட்டிய குப்பையை மூன்றாம் அவென்யூவின் நடுவில் குவித்துப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அதன் பிறகே குப்பை வண்டி ஒழுங்காக வந்தது.

அடுத்தது ஈயம். பழைய வீடுகளின் சுவர்ச் சாயத்தில் ஈயம் இருந்தது. உதிர்ந்த சாயத்தைக் குழந்தைகள் வாயில் போட்டு மூளை கெட்டுப்போயின. வீட்டுக்குள் ஈயச் சாயம் பூசக் கூடாது என்று 1960லேயே நகரம் விதி செய்திருந்தது. விதி இருந்தது, பழைய சுவர் அப்படியே இருந்தது. பரிசோதனைப் பெட்டிகள் நகராட்சியிடம் சும்மா கிடந்தன. இளைஞர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அவற்றை வாங்கி, மருத்துவ மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள்.

காசநோய்க்கு எக்ஸ்ரே வண்டி ஒன்று நகரில் ஓடியது. உழைக்கும் மக்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வந்து நின்றால் யாருக்கு என்ன பயன்? 1970 ஜூன் மாதம் அந்த வண்டியையே கைப்பற்றித் தங்கள் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வண்டியில் இருந்த எக்ஸ்ரே ஊழியர்கள் ஓடிவிடவில்லை, கூடவே இருந்து படம் எடுத்தார்கள். மக்கள் வரிசையில் நின்றார்கள். வேறு வழியில்லாமல் நகர நிர்வாகமும் ஒத்துக்கொண்டது. வண்டியைக் கடத்துவோம் என்று நாங்கள் சொல்லவில்லை, யாரும் அஞ்ச வேண்டாம்! வண்டி வரும் நேரம் உழைப்பவனின் நேரமா என்று கேட்கத்தான் சொல்கிறோம். நம் சந்துகளில் காசநோய் எத்தனை வீட்டில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஆறு மாதம் விடாமல் விழுங்க வேண்டிய மாத்திரையை, ஊர்க் கோடைத் திருவிழாவுக்குப் போய் நடுவில் விட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களைப் பெயர் சொல்லித் தேடிப் பிடிக்க ஆள் இல்லை. அரசு அந்த நோயாளியின் சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் தந்து, 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. அதைக் கேட்டு வாங்கித் தரவும் ஆள் இல்லை.

இப்போது மேசைக்கு வருகிறோம். நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸ் பகுதியில் லிங்கன் மருத்துவமனை. 1839இல் ஏழை முதிய கறுப்பின மக்களுக்கான இல்லமாகத் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்தது. 1970இல் அதன் கட்டடம் இற்றுப்போயிருந்தது. சுற்றியிருந்த மக்கள் அதற்கு வைத்த பெயர் 'கசாப்புக் கடை'. அங்கே நோயாளிகளும் ஊழியர்களும் யங் லார்ட்ஸ் இளைஞர்களும் சேர்ந்து, அவசரப் பிரிவில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தார்கள். வந்தவர்களிடம் குறையைக் கேட்டு எழுதினார்கள். எழுதியதைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடமும் நிர்வாகத்திடமும் பதில் கேட்டார்கள். செய்தது அவ்வளவுதான்.

இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் எங்களுக்கு அந்த மேசையின் மதிப்புத் தெரியும். நிலையத்தில் புகார்ப் புத்தகம் என்று ஒன்று உண்டு. பயணி அதைக் கேட்கும்வரை ஒரு பேச்சு, கேட்டபின் வேறு பேச்சு. வாயால் அழுதது காற்றோடு போகும். எழுதி எண் போட்டதற்கு யாராவது ஒருவர் பதில் எழுதியே ஆக வேண்டும்.

எழுதிய குறைகள் குவிந்தும் நிர்வாகம் அசையாதபோது, 1970 ஜூலை 14 விடியற்காலையில் சுமார் 150 பேர் லிங்கன் மருத்துவமனையின் ஒரு கட்டடத்துக்குள் புகுந்தார்கள். ஏறக்குறைய 12 மணி நேரம் அது அவர்கள் கையில் இருந்தது. என்ன கேட்டார்கள் தெரியுமா? புதிய கட்டடம், ஊழியர்களுக்குக் கூலி உயர்வு, வீடு வீடாகச் சென்று நோய்த்தடுப்பு, இருபத்துநான்கு மணி நேரமும் குறைகேட்கும் மேசை. ஊழியர்களின் கூலியும் நோயாளிகளின் மேசையும் ஒரே பட்டியலில் இருந்ததைக் கவனியுங்கள். உள்ளே வேலை செய்த கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ ஊழியர்கள் துணை நின்றார்கள். வெளியிலிருந்து கல்லெறிந்து வந்த வெற்றியல்ல அது. புதிய கட்டடம் 1976இல் திறக்கப்பட்டது.

அதே லிங்கனில் குழந்தை மருத்துவப் பிரிவுக்குத் தலைமை ஏற்றவர் ஹெலன் ரோட்ரிகஸ் திரியாஸ், புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்த பெண் மருத்துவர். அந்தத் தீவில் 1960களின் நடுவில் தாய்மார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கருத்தடை அறுவை நடந்திருந்தது. என்ன செய்யப்போகிறார்கள் என்றே புரியாமல் கையெழுத்திட்டவர்களும் உண்டு. அவரும் அவர் தோழியரும் போராடியதன் பயனாக 1979இல் அமெரிக்காவில் விதி வந்தது. பெண்ணுக்குப் புரியும் மொழியில் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், 30 நாள் பொறுத்த பிறகே கத்தி வைக்க வேண்டும்.

தாய்மார்களே, இது உங்களுக்கு. நெருக்கடிநிலைக் காலத்தில் 1976இல் நம் நாட்டில் நடந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் கருத்தடை முகாமில் ஏழைப் பெண்கள் 13 பேர் இறந்தார்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், முகாம்கள் நிற்க வேண்டும், விவரங்களை உள்ளூர் மொழியில் விளக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் இந்த நகரத்தில் 'உள்ளூர் மொழி' எது? மராத்தி. நமக்கும் பீகார்க்காரருக்கும் அந்தத் தாள் அந்நியத் தாள்தான். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வெளியிட்ட நோயாளர் உரிமைப் பட்டியல் ஒருபடி மேலே போய், நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விளக்கம் பெறும் உரிமை உண்டு என்கிறது. மேசையில் உட்காருபவர் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும்.

தொழிலாளிகள் தாமே மருத்துவமனை கட்டவில்லையா என்று தோழர் ஒருவர் கேட்டார். கட்டினார்கள். சத்தீஸ்கரின் தல்லி ராஜ்ஹராவில் இரும்புச் சுரங்க ஒப்பந்தத் தொழிலாளர்கள், சங்கர் குஹா நியோகியின் சங்கத் தலைமையில், 1977 துப்பாக்கிச் சூட்டில் மாண்ட தோழர்களின் நினைவாக 1983 ஜூன் 3 அன்று ஷஹீத் மருத்துவமனையைத் திறந்தார்கள். 15 படுக்கையோடு ஆரம்பித்தது. ஆனால் அங்கே ஆயிரமாயிரம் பேர் ஒரே சங்கத்தில், ஒரே ஊரில் இருந்தார்கள். அங்கேயே குடியேறி உழைக்க மருத்துவர்கள் வந்தார்கள். நம்மிடம் அவை இல்லை. நாம் கட்டினால் முன்வாசலில் வளைவும், நன்கொடையாளர் பெயர்ப் பலகையும், வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் மருத்துவரும் மிஞ்சுவார்கள். அதைவிட மோசம், 'உங்களுக்கென்று தனி மருந்தகம் இருக்கிறதே, அங்கே போங்கள்' என்று இங்கே விரட்ட வழி பிறக்கும்.

யங் லார்ட்ஸ் ஏன் நிலைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1971இல் தலைமை, தாய்த் தீவின் விடுதலைதான் முதல் வேலை என்று ஆட்களை அங்கே அனுப்பியது. நியூயார்க் கிளைகள் வற்றின. தெருவில் வேலை பார்த்தவர்கள் விலகினார்கள். பத்தாண்டு முடிவதற்குள் அமைப்பே இல்லாமல் போயிற்று. சென்னையில் யார் யாரோடு கூட்டணி என்று நம் கூட்டங்களில் பாதி நேரம் போகிறதே, அப்போதெல்லாம் எங்களுக்கு அந்த நினைவு வரும்.

இரயில்வே நிரந்தர ஊழியர்களான எங்கள் சட்டைப்பையில் இரயில்வே மருத்துவமனை அட்டை இருக்கிறது. அதே நடைமேடையைக் கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது இல்லை. அவருக்கு உரிய ஈ.எஸ்.ஐ. அட்டையைப் பல ஒப்பந்தக்காரர்கள் கண்ணில் காட்டுவதில்லை. அவர் தமிழராகவும் இருக்கலாம், மராத்தியராகவும் இருக்கலாம். மேசை தமிழருக்கு மட்டும் என்றால் நாங்கள் உட்காரமாட்டோம். மருத்துவமனை ஊழியர் சங்கத்தின் மராத்தித் தோழர்களிடம் முதலில் பேச வேண்டும். அவர்கள் ஒப்புதல் இல்லாமல் நிர்வாகத்திடம் மனுக்கொடுக்கக் கூடாது.

எனவே நான்காவது தீர்மானத்துக்குப் பதிலாக எங்கள் திருத்தம் இது. மருந்தக நிதியை நிறுத்திவைப்பது. புறநோயாளர் பிரிவில் மொழிபெயர்ப்புக்கும் குறைகேட்கவும் ஒரு மேசைக்கு அனுமதி கோருவது. அனுமதி வரும்வரை சீட்டு வரிசைக்கு அருகில் வாசலிலேயே இருவர் நிற்பது. பெண்கள் பிரிவுக்குப் பெண்களே செல்வது. தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் பேசும் பன்னிரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு வாரம் ஒரு காலை. எங்கள் கிளை ஐந்து பெயர் தருகிறது. மீதி ஏழு பெயரைக் கூட்டம் முடிவதற்குள் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். குறிப்பேட்டையும் பேனாவையும் நாங்கள் வாங்கி வைத்துவிட்டோம்.