பௌஸ்டீனாவின் வெள்ளிக் காசு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரை மேடையேற்றினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று அது இல்லை. உரோமரின் வெள்ளிக் காசைப் பற்றிப் பேசப்போகிறேன்.

டெனாரியஸ் எனும் அந்தக் காசின் நிறை மூன்று கிராமுக்குச் சற்று மேல். ஒரு பக்கம் தலை, மறுபக்கம் பெரும்பாலும் ஒரு தெய்வம். உரோமில் நாணயசாலையே ஜூனோ மொனேட்டா என்ற பெண் தெய்வத்தின் கோயிலோடுதான் இருந்தது. ஆங்கிலத்தில் 'மணி' என்று நாம் சொல்வது அவளுடைய பெயரின் வழி வந்தது.

என்னைப் பிடித்துக்கொண்டவை இளைய பௌஸ்டீனாவின் காசுகள். பேரரசர் மார்க்கஸ் ஒரேலியஸின் மனைவி. ஒரு பக்கம் அழகாகக் கொண்டையிட்ட அவளது தலை. மறுபக்கம் பிரசவத்தைக் காக்கும் ஜூனோ லூசினா, அல்லது பிள்ளைகளோடு நிற்கும் மகப்பேற்றுத் தெய்வம். 161இல் அவளுக்கு இரட்டை ஆண்குழந்தைகள் பிறந்தன. இருவரையும் ஆசனத்தில் இருத்தி, 'காலத்தின் நற்பேறு' என்று எழுதிக் காசடித்தார்கள். ஒருவன் நான்கு வயதளவில் இறந்துபோனான். மற்றவன் கொம்மோடஸ், அவனுடைய ஆட்சியைப் பற்றி இந்த நல்ல நாளில் பேசவேண்டாம். பன்னிரண்டுக்குக் குறையாத பிள்ளைகளைப் பெற்றாள் பௌஸ்டீனா. பலர் சிறுவயதிலேயே போய்விட்டனர். புகழ்பெற்ற கேலனே பின்னாளில் அந்த அரண்மனை வைத்தியர். ஆனால் அவரிடம் தடுப்பூசி இருக்கவில்லையே! மகப்பேற்று விடுதியில் வேலை செய்தவள் நான். அந்தக் காசைப் பார்த்தால் அதில் இல்லாத பிள்ளைகள்தான் என் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

அவளுடைய தாயின் பெயரும் பௌஸ்டீனா. 140ஆம் ஆண்டளவில் அவள் இறந்தபோது, கணவரான பேரரசர் அன்டோனினஸ் பயஸ் அவளைத் தெய்வமாக்கினார். தாம் இறக்கும்வரை இருபது ஆண்டுகள் அவள் முகத்தோடு காசடித்தார். அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. அவள் நினைவாக ஏழைச் சிறுமிகளைப் பராமரிக்க ஒரு நிதியம் ஏற்படுத்தினார். 'பௌஸ்டீனாவின் சிறுமியர்' என்று அதற்கும் காசு உண்டு. கிடைப்பது அரிது. பேரரசர் மேலே இருக்க, கீழே பெரியவர்கள் பிள்ளைகளைக் கொண்டுவருகிறார்கள். சிறுமிகளின் பெயர் அதில் இல்லை.

எட்டாம் வகுப்பிலிருந்து நான் படித்தது இந்தச் சங்கம் தந்த உதவிப் பணத்தில். அதைக் கொடுத்த அக்கா யாரென்று அன்று எனக்குச் சொல்லவில்லை, இன்றும் தெரியாது. இந்த மண்டபத்தில் இருந்தால், தேநீர் நேரத்தில் ஒருக்கால் என்னிடம் வாருங்கள்.