தனிமக் குறியீடுகளும் தமிழ்வழிக் கல்வியும்

(பள்ளித் தமிழ்மன்றத்தில் ஆற்றிய உரை)



தமிழாசிரியனுக்கு வேதியியலில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். "தனிமங்களின் குறியீடுகளே ஆங்கிலமாயிருக்க, அப்பாடத்தைத் தமிழில் எங்ஙனம் கற்பது?" என்று கேட்ட பெற்றோர் ஒருவர், தம் மகனைத் தமிழ்வழி வகுப்பினின்றும் பெயர்த்துச் சென்றார். அவ்வினாவிற்கு விடை கூறவே இங்கு நிற்கின்றேன்.

அக்குறியீடுகள் ஆங்கிலச் சொற்களின் குறுக்கம் அல்ல. 1813-14ஆம் ஆண்டுகளில் அம்முறையை வகுத்தவர் சுவீடன் நாட்டுப் பெர்சீலியசு. அவர் இலத்தீன் பெயர்களினின்றே எழுத்துகளை எடுத்தார். இரும்பின் குறி 'எஃப்ஈ'. அது 'ஃபெரம்' என்பதன் குறுக்கம். ஆங்கிலேயன் இரும்பை 'அயர்ன்' என்கின்றான். ஈயத்தின் குறி 'பிபி', அது 'பிளம்பம்'. அவன் சொல்வதோ 'லெட்'. பொன்னின் குறி 'ஏயூ'. அவனுக்கு அது 'கோல்டு'. இதனால் ஆங்கிலச் சிறுவன் வேதியியல் கல்லாது ஒழிந்தானா? செருமானியர் நீரகத்தை 'நீர்ப்பொருள்' எனவும், உயிரகத்தைப் 'புளிப்புப்பொருள்' எனவும் கருத்துப்படும் தம் சொற்களாலேயே வழங்குகின்றனர்; குறிகள் மட்டும் 'எச்', 'ஓ' என்பனவே. அவர்தம் வேதியியல் தாழ்ந்ததோ?

இனிப் புள்ளிப்படங்களைக் காண்போம். இம்முறையை அமெரிக்க அறிஞர் கில்பர்ட்டு இலூயிசு வெளியிட்டது 1916இல். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்டதும் அவ்வாண்டே! தனிமத்தின் குறியை நடுவில் எழுதி, அதன் புறக்கூட்டிலுள்ள எதிர்மின்னிகளை, அஃதாவது எலக்ட்ரான்களை, சுற்றிலும் புள்ளிகளாக இடுதல் வேண்டும். நீரகத்திற்கு 1 புள்ளி, கரிமத்திற்கு 4, உயிரகத்திற்கு 6, குளோரினுக்கு 7, நியானுக்கு 8. எட்டும் நிறைந்த நியான் பிறவற்றோடு சேர்வதில்லை. குறையுடையவையே துணை தேடும். உயிரகத்திற்கு இரண்டு குறை. நீரக அணுக்கள் இரண்டும் ஒவ்வொரு புள்ளியைப் பொதுவில் வைக்க, உயிரகமும் தன் புள்ளிகளில் இரண்டைப் பொதுவில் வைக்கும். இப்பொழுது உயிரகத்தைச் சுற்றி எட்டு. ஒவ்வொரு நீரகத்திற்கும் இரண்டு. அதுவே நாம் பருகும் நீர். உப்பிலோ சோடியம் தன் ஒற்றைப் புள்ளியைக் குளோரினுக்கே ஈந்துவிடும். ஈந்தது நேர்மின்னேற்றமும் ஏற்றது எதிர்மின்னேற்றமும் பெற்று ஒன்றையொன்று ஈர்க்கும்.

அறிவியலாசிரியர் வாராத ஒருநாள் அவ்வகுப்பிற்குச் சென்றேன். 'கோவேலன்ட் பாண்டு' என்று நெட்டுரு ஒப்பித்த மாணவியிடம் பொருள் கேட்டேன், விழித்தாள். பாடநூலின் 'சகப்பிணைப்பு' என்னும் வடசொற்கலப்பும் அவளுக்குத் துலங்கவில்லை. 'பகிர்பிணைப்பு' என்றேன். "இருவரும் பொதுவில் வைப்பதா, ஐயா?" என்றாள். நீரின் புள்ளிப்படத்தைத் தானே வரைந்தும் காட்டினாள். அச்சொல்லுக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை.

குறிகளையும் தமிழெழுத்தாக்க வேண்டும் என்னும் நம் தோழர்க்கு ஒன்று கூறுவேன். அது வேண்டா. குறி உலகோர்க்குப் பொது. அதனை மாற்றின் நம் பிள்ளை எழுதும் சமன்பாட்டைப் பிறர் படிக்க இயலாது. பெயரும் விளக்கமும் சிந்தனையுமே தமிழாக வேண்டும்.

பெற்றோரே! குறியைக் கண்டு அஞ்சிப் பிள்ளையின் மொழியைப் பறிக்காதீர்கள். புள்ளி எந்நாட்டிலும் புள்ளியே. அது ஏன் இடம் மாறுகின்றது என்பதைப் பிள்ளை தன் தாய்மொழியில் உணரட்டும்.