பழைய கணிப்பொறியும் நம் பொறுப்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இச்சங்கத்தின் துணையால் கற்றுயர்ந்த பலர் இன்று அலுவலர்களாகவும் வணிகர்களாகவும் இவ்வவையில் வீற்றிருக்கின்றீர்கள். உங்கள் அலுவலகத்தில் பழையனவாகிவிட்ட கணிப்பொறிகளை என்ன செய்கின்றீர்கள் என்று கேட்கவே இங்கு நிற்கின்றேன். விழா மேடையில் குப்பையைப் பற்றிய பேச்சா என்று எண்ண வேண்டா. காரணம் கூறுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளியில் பயனற்றுப்போன கணிப்பொறிகளை இருப்புப் பதிவேட்டிலிருந்து நீக்கி ஏலம் விட்டோம். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் எடுத்துச் சென்றார். தொகையைக் கணக்கில் சேர்த்ததோடு என் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டேன். சில நாள் கழித்து அக்கடை வழியே சென்றபோது, பின்புறத் திடலில் கரும்புகை எழக் கண்டேன். என்னிடம் பயின்று இடையில் நின்றுவிட்ட மாணவன் ஒருவன், மின்கம்பிகளைத் தீயிலிட்டுச் செம்பைப் பிரித்துக்கொண்டிருந்தான். "ஐயா, நம்ம பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்தான்" என்று சிரித்தான். அவன் எழுத்துப் பழகிய பெட்டியே அவன் மூச்சில் நஞ்சாய்க் கலந்ததைக் கண்டு தலைகுனிந்தேன். கையொப்பமிட்டவன் நானல்லவா?

கம்பியின் மேலுறை எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கின்றது. பழைய திரைப்பெட்டியின் கண்ணாடியில் ஈயம் உண்டு. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மின்சுற்றுப் பலகையிலுள்ள சிறிதளவு தங்கத்திற்காக அதனை அமிலத்தில் ஊறவைக்கின்றனர். அமில ஆவி நுரையீரலை அரிக்க, எஞ்சிய நீர் மண்ணில் இறங்குகின்றது. சீனத்துக் குய்யூ நகரமும், தில்லியின் சீலம்பூரும், உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தும் இத்தொழிலால் பெயர் பெற்றவை. 2022-ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு ஏறத்தாழ 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால் பங்குக்கும் குறைவே.

கழிவைத் தொடும் வேலை யார் தலையில் விழும் என்பதை நம் பெற்றோர் பட்டறிவால் அறிவர். மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமையைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தன. அந்தப் பழைய கொடுமை புதிய உருவில் நம் பிள்ளைகளைத் தேடி வர, கற்றவராகிய நாமே வழிவிடலாமா? கழிவைப் பிரிக்கும் தொழில் இழிவன்று; கையுறையும் காற்றோட்டமும் நியாயமான கூலியுமின்றி அதனைச் செய்விப்பதே இழிவு.

ஆதலின் மூன்று செயல்களை வேண்டுகின்றேன்.

முதலாவது, பொருள் உண்மையிலேயே பயனற்றதா என்று பாருங்கள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு உதவி நின்றது. அதனால் மட்டும் நல்ல பொறிகளை ஒதுக்க வேண்டியதில்லை. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளை இட்டால், மாலை நேரப் படிப்பகங்களில் அவை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

இரண்டாவது, கொடுக்குமுன் கணக்குகளையும் ஆவணங்களையும் அறவே அழியுங்கள். கோப்பை நீக்கினால் மட்டும் அது மறைந்துவிடாது. வன்தட்டு முழுவதையும் அதற்குரிய மென்பொருளால் மேலெழுதி அழித்தல் வேண்டும்.

மூன்றாவது, இனிப் பயன்படாதவற்றை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைத்து, பற்றுச்சீட்டுப் பெறுங்கள். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. மின்னணுக் கழிவை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை அவை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. நாம் கேட்டால்தான் அப்பொறுப்பு உயிர்பெறும்.

கடைக்காரர் சில நூறு ரூபாய் கூடுதலாகத் தரலாம். அந்தப் பணம் யாருடைய மூச்சிலிருந்து வருகின்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அம்மாணவனை மீண்டும் பள்ளிக்கு அழைத்தேன், அவன் வரவில்லை. நான் திருத்த இயலாத பிழை அது. இச்சங்கம் ஆண்டுக்கொரு நாள் நம் பகுதியின் பழைய மின்னணுப் பொருள்களைத் திரட்டி முறைப்படி அனுப்புமாயின், வேறொரு பிள்ளையேனும் அப்புகையிலிருந்து தப்புவான். அப்பணியில் முதல் ஆளாக நான் நிற்பேன் என்று உறுதி கூறி அமைகின்றேன்.