மனநோய் மருத்துவக் கல்வியில் பத்து நிமிடக் கோட்டுப்படம்

(மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களும் சுகாதாரத் துறை அலுவலர்களும் கூடிய கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



எலும்பு முறிவை விளக்க எக்ஸ்ரே படம் உண்டு. இதய நோயை விளக்க ஈ.சி.ஜி. உண்டு. மனநோய் மருத்துவம் கற்பிப்பவரிடம் அவ்வாறு எடுத்துக் காட்டத்தக்க படம் பெரும்பாலும் இல்லை. நோயாளி கூறும் சொற்கள், அவரது நடத்தை, அறிகுறிகள் தோன்றிய கால வரிசை ஆகியவற்றிலிருந்தே நோய் அறியப்படுகிறது. ஆகவேதான் இத்துறை ஆசிரியர்கள் சுண்ணக்கட்டியைப் பெரிதும் நம்பி வந்துள்ளனர். வார்டில் நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் பலகையில் ஒரு கோடு, இரண்டு கட்டங்கள், நாலைந்து சொற்கள்; பத்து நிமிடத்தில் ஒரே ஒரு கருத்து. இந்தச் சிறு பாடத்தை டிஜிட்டல் சாதனங்களைக் கொண்டு எவ்வாறு செம்மைப்படுத்தலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதன் தேவையைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. 1982இல் தேசிய மனநலத் திட்டம் தொடங்கியபோதே, பொது மருத்துவரின் வழியாகவே இச்சிகிச்சை மக்களைச் சென்றடைய இயலும் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெற்ற அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. எனினும், பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு மனநலக் கோளாறு இருப்பதையும், மதுப் பழக்கத்தால் நோயுற்றோரில் 86 சதவீதத்தினர் சிகிச்சையின்றி இருப்பதையும் கண்டது. எம்.பி.பி.எஸ். மாணவர் மனநோய்ப் பிரிவில் கழிப்பதோ சில வாரங்களே. அந்தச் சில வாரங்களில் அவர் மனத்தில் என்ன பதிகிறது என்பதே கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகக் கூற அனுமதியுங்கள். கால் முறிந்த ஒருவர் மாவட்ட மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் சேர்க்கப்படுகிறார். நாள்தோறும் மது அருந்துபவர். அதை யாரும் கேட்கவில்லை. அடுத்த நாள் கை நடுங்குகிறது, வியர்க்கிறது. வலியினால் என்று எண்ணுகிறார்கள். மூன்றாம் இரவு, சுவரில் பூச்சிகள் ஊர்வதாகக் கூறிக் கட்டிலை விட்டு இறங்கி ஓட முயல்கிறார். “பைத்தியம் பிடித்துவிட்டது” என்று கட்டிப்போடுகிறார்கள். இது திடீரென்று பிடித்த பைத்தியமன்று. மது திடீரென நின்றதால் விளைந்த, டெலிரியம் ட்ரெமென்ஸ் எனப்படும் நடுக்கச் சன்னி. சிகிச்சை முறைகள் வளராத காலத்தில் இதனால் மூன்றில் ஒரு பங்கினர் வரை இறந்ததுண்டு. உரிய காலத்தில் கண்டறிந்தால் நூற்றில் ஐவருக்கும் குறைவாகவே இறக்கின்றனர்.

இதைக் கற்பிக்க ஒரே ஒரு கோடு போதும். இடது முனையில் ‘கடைசியாகக் குடித்த நேரம்’ என்று எழுதுகிறோம். 6 மணி நேரம் என்ற குறியில் நடுக்கம், வியர்வை, படபடப்பு. அங்கிருந்து 48 மணி நேரம் வரையுள்ள பகுதி வலிப்புக்கு உரியது. 48 முதல் 96 மணி வரை சிவப்புச் சுண்ணத்தால் ஒரு மேடு வரைகிறோம், அது சன்னி. இப்போது மாணவரிடம் கேட்கிறோம்: “டயஸிபாம் எங்கே தொடங்க வேண்டும்?” மேட்டின் உச்சியைச் சுட்டுபவர் இருப்பார், முதல் நடுக்கத்தைச் சுட்டுபவரும் இருப்பார். இரண்டாமவரே சரி. ஈரல் பழுதுற்றவருக்கு லோரஸிபாம் ஏற்றது என்பதையும், குளுக்கோஸ் ஏற்றுமுன்போ அதனுடனோ தயமின் செலுத்த வேண்டும் என்பதையும் கோட்டின் கீழே எழுதிவிட்டால் பாடம் முடிந்தது.

இப்பாடத்தின் பலம், படம் கண்முன்னே வளர்வதில் இருக்கிறது. கணினி வகுப்பறைக்கு வந்தபோது நாம் முதலில் இழந்தது இதைத்தான். எழுத்துகள் நிறைந்த ஸ்லைடு முழுமையாகத் திரையில் விழுகிறது. ஆசிரியர் அதை வரிவரியாகப் படிக்கிறார். மாணவர் கேட்பதா, படிப்பதா என்று தடுமாறுகிறார். அமெரிக்க உளவியலார் ஃபியோரெல்லா, மேயர் ஆகிய இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், முன்பே வரைந்து முடித்த படத்தைக் காட்டுவதைவிட ஆசிரியர் வரைவதைப் பார்க்கச் செய்வது, குறிப்பாக முன்னறிவு குறைந்த மாணவருக்கு, அதிகம் பயன்படுவதாகக் கண்டனர். கரும்பலகை ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று.

ஆகவே நாம் தேட வேண்டிய சாதனம் ஆடம்பரமானதன்று. பேனாவால் எழுதத்தக்க டேப்லெட் ஒன்று, அதில் வரைவதையும் பேசுவதையும் ஒருங்கே பதிவு செய்யும் மென்பொருள், அமைதியான ஓர் அறை, இவை போதும். கரும்பலகையில் இயலாத சிலவும் இதனால் கிட்டும். அழித்த படம் மறைந்துபோவதில்லை. இரவுப் பணியில் ஐயம் எழும்போது பயிற்சி மருத்துவர் மீண்டும் காணலாம். கேள்வி வரும் இடத்தில் பதிவு தானே நின்று, மாணவர் விடையைத் தொட்ட பின் தொடருமாறு செய்யலாம். எளிய கோட்டுப்படமாதலால் கோப்பு சிறியதாக அமையும். இணைப்பு பலவீனமான ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒருமுறை இறக்கிவைத்துப் பலமுறை காணலாம்.

மொழியைப் பற்றியும் கூற வேண்டும். 1975-76இல் செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பான நாளிலிருந்தே, படம் எல்லோருக்கும் பொது, பேச்சு அவரவர்க்கு உரியது என்னும் பிரச்சினை நம்முடன் இருந்து வருகிறது. மேலே சொன்ன காலக்கோட்டில் எண்களே மிகுதி. அதை எந்த மாநிலத்திலும் பயன்படுத்தலாம். குரலை மட்டும் அந்தந்த மாநில ஆசிரியரே தர வேண்டும். ஆங்கில உரையை மொழிபெயர்த்துப் படிப்பது போதாது. மனச்சோர்வுற்ற நோயாளி “மனம் சோர்ந்திருக்கிறது” என்று கூறி வருவதைவிட, உடல் வலி, தூக்கமின்மை, நெஞ்சு படபடப்பு என்று கூறி வருவதே அதிகம். அந்த வழக்குச் சொற்களை அறிந்தவர் குரலே பயன் தரும்.

இனி ஓர் எச்சரிக்கை. காணொளி எடுப்பது எளிதாகிவிட்டதால், கோடு வரைவதற்குப் பதில் நோயாளியையே படம்பிடித்துக் காட்டலாமே என்று சிலர் கேட்கின்றனர். 1870களின் இறுதியில் பாரிஸின் சல்பெட்ரியேர் மருத்துவமனையில், சார்க்கோவின் தலைமையில் ஹிஸ்டீரியா நோயாளிகளான பெண்களின் புகைப்படத் தொகுதிகள் வெளியாயின. அவை பெரும்புகழ் பெற்றன. ஆனால் காமிராவின் முன் காட்டப்பட்டதில் எவ்வளவு நோய், எவ்வளவு மருத்துவரின் எதிர்பார்ப்பு என்ற ஐயம் இன்றளவும் தீரவில்லை. நம் நாட்டில், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் அந்தரங்கம் காக்கப்படும் உரிமையை டிஜிட்டல் முறையில் சேமித்த தகவல்களுக்கும் விரித்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சன்னியில் இருப்பவர் அவ்வேளையில் சம்மதம் தர இயலாதவர். கைபேசிக்குக் கைபேசி தாவும் படத்தை அவர் தெளிந்த பின் திரும்பப் பெறவும் இயலாது. நடிகரைக் கொண்டு எடுப்பதிலும் மிகைநடிப்பு நோயைக் கேலிச்சித்திரமாக்கிவிடும் ஆபத்து உண்டு. படம்பிடிக்கத்தக்கது ஒன்று உண்டென்றால் அது மருத்துவர் கேள்வி கேட்கும் முறைதான். குடிப்பழக்கத்தைக் குற்றஞ்சாட்டும் தொனியின்றி விசாரிப்பது எவ்வாறு என்பதைக் கோட்டினால் காட்ட முடியாதல்லவா?

அலுவலர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. பாடங்களின் எண்ணிக்கையை இலக்காக வைக்காதீர்கள். பிழையான மருந்தளவு கொண்ட ஒரு பதிவு நூறு மருத்துவமனைகளுக்குச் செல்லும். ஒவ்வொரு பாடத்திலும் அதைச் சரிபார்த்தவர் பெயரும் தேதியும் மறுபரிசீலனைக்குரிய ஆண்டும் இருத்தல் வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 எண்ணையும் இறுதியில் சேர்க்கலாம்.

இரண்டாவது, பயனை அளக்கும் முறை. எத்தனை பேர் பார்த்தனர் என்ற கணக்கு திட்ட அறிக்கைக்கு உதவலாம், நோயாளிக்கு உதவாது. காலக்கோட்டுப் பாடத்தைக் காட்டிய மருத்துவமனையில், ஆறு மாதங்களுக்குப் பின் எலும்பு முறிவு வார்டின் கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பாருங்கள். ‘கடைசியாகக் குடித்த நேரம்’ எத்தனை தாள்களில் எழுதப்பட்டுள்ளது என்று எண்ணுங்கள். அதற்கென ஒரு கட்டம் அச்சுப் படிவத்திலேயே இல்லையென்றால், முதலில் அதைச் சேர்க்க ஆணையிடுங்கள்.