மலைத் தண்ணீருக்கு ஒரு கூட்டுச் சபை



திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு அருகில் நின்று தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும் என்றால், பகவான் ரமணர் வாழ்க்கையில் நாம் எல்லோரும் அறிந்த ஒரு செய்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1899 முதல் 1916 வரை அவர் விருபாட்சி குகையில் இருந்தார். கோடை வந்தால் அங்கே தண்ணீர் கிடைக்காது. அதனால் வெயில் மாதங்களில் முலைப்பால் தீர்த்தத்துக்கு அருகே இருக்கும் மாமரத்துக் குகைக்கு இடம் மாறுவார். பிறகு போய்ச் சேர்ந்த கந்தாசிரமத்தில் வற்றாத சுனை. 1922-இல் ஆசிரமம் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே பாலி தீர்த்தம். எதுவுமே வேண்டாம் என்று இந்த மலைக்கு வந்தவரும் தண்ணீர் இருந்த பக்கம்தான் தங்க முடிந்தது. நாமோ லட்சக்கணக்கில் இருக்கிறோம். பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் வருகிறவர்களைச் சேர்த்தால் கணக்கு இன்னும் பெரிது.

ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை, ஆசிரமத்துக்குப் பின்னால் கந்தாசிரமப் பாதையில் கொஞ்ச தூரம் ஏறிப் பாருங்கள். பாறை இடுக்கு ஒவ்வொன்றிலும் தண்ணீர் கசிந்து ஓடும். 1980-களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்கள் கன்று நட்டு, கோடைத் தீயிலிருந்து காத்து வளர்த்த மரங்களுக்கு அடியில் அது நிதானமாக, தெளிவாக இறங்கும். மொட்டைப் பாறைச் சரிவில் அதே தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு சிவப்பாகப் பாயும். அப்படியே கீழே இறங்கி, செங்கம் சாலைக்கு அடியில் போகும் சிறுபாலத்துக்கு வாருங்கள். அதன் வாய் பாதிக்கு மேல் மண். மீதியில் தண்ணீர் பாட்டில், பால் உறை, யாரோ போட்ட பழைய மாலையின் நார். தண்ணீர் உள்ளே போக முடியாமல் சாலை மேல் ஏறிக் கடை வாசலுக்குப் போகும். தெற்கே சமுத்திரம் ஏரிப் பக்கம் போய்ச் சேர வேண்டிய தண்ணீர் அது.

அந்தச் சிறுபாலத்தைத் தூர்வார யாரிடம் மனுக் கொடுப்பது? மலையில் இருக்கும் வரை தண்ணீர் வனத்துறையின் எல்லையில் இருக்கிறது. பல தீர்த்தக் குளங்கள் கோயில் நிர்வாகத்தில் இருக்கின்றன. சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, ஓடைப் புறம்போக்கு வருவாய்த் துறைக்கு, தெருவோரச் சாக்கடை மாநகராட்சிக்கு. ஏரிக்குப் போனால் அங்கேயும் ஒரு பிரிவு உண்டு. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். ஒரே மழை, ஒரே ஓடை, ஒரு மணி நேரம் நடந்தால் முடிந்துவிடும் தூரம். இதற்குள் இத்தனை அலுவலகங்கள். இவை ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் வேலை செய்யாமல் இல்லை. எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை.

2024 ஆகஸ்ட் மாதம் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. வேங்கிக்கால், அடிஅண்ணாமலை, அத்தியந்தல் போன்ற பக்கத்து ஊராட்சிகள் நகரத்தோடு சேர்ந்தன. ஒருவகையில் இது நல்ல வாய்ப்பு. மலையைச் சுற்றியுள்ள ஓடைகளில் பெரும்பகுதி ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்திருக்கிறது. ஆனால் ஓடை மாநகராட்சி எல்லைக் கல்லோடு நிற்காது. நகரத்துச் சாக்கடையைச் சுமந்துகொண்டு அடுத்த ஊராட்சியின் ஏரிக்குத்தான் போகும். அந்த ஊர் மக்கள் நம் வாக்காளர்கள் இல்லை. அதனால் அவர்கள் குரல் நம் மன்றத்தில் கேட்பதில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதியை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு சரிந்து ஏழு உயிர்கள் போயின, அவர்களில் பலர் குழந்தைகள். மலைச்சரிவில் ஒரு வீடு எழும்போது நிலம் யாருடையது என்று பார்ப்பது ஓர் அலுவலகம், வரி போடுவது இன்னொன்று, மின் இணைப்பு கொடுப்பது மற்றொன்று. மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும். அதைத்தான் நான் கேட்கிறேன்.

மறுநாள், டிசம்பர் 2 அதிகாலை, சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறக்க வேண்டி வந்தது. 1958 முதல் நம் மாவட்டத்தின் வயலுக்கும் குடத்துக்கும் தண்ணீர் தரும் அணை அது. அன்று விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக வந்து கடலூரில் கடலைத் தொடுகிற ஆறு. மேலே மழை பெய்தால் கீழே என்ன ஆகும் என்று அதிகாரிகளுக்குள் தகவல் போகிறது. ஆனால் மேற்கரை ஊராட்சியும் கீழ்க்கரை ஊராட்சியும் ஆண்டுக்கு ஒருமுறையாவது நேருக்கு நேர் உட்கார்ந்து பேச இடம் இருக்கிறதா?

நந்தன் கால்வாயைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. நம் மாவட்டத்தில் துரிஞ்சலாற்றின் குறுக்கே கீரனூர் அணைக்கட்டு. அங்கே தொடங்கும் கால்வாய் விழுப்புரம் மாவட்டத்துக்குள் நுழைந்து, வழியில் பல ஏரிகளை நிரப்பி, ராஜசிம்ம பல்லவன் கோயில் எழுப்பிய பனமலையின் ஏரி வரை போகிறது. வாய் நம் மாவட்டத்தில், வயிறு அடுத்த மாவட்டத்தில். துரிஞ்சலாற்றில் வெள்ளம் வரும் சில நாட்களுக்குள் கால்வாயில் தண்ணீர் ஏற வேண்டும். தலைப்பகுதியில் மண்ணும் கருவேலும் அடைத்திருந்தால் வெள்ளம் நேரே தென்பெண்ணைக்குப் போய்விடும். தலைப்பகுதியைத் தூர்வாரினால் பயன் அடுத்த மாவட்டத்துக்கு. அப்படியிருக்க, இங்கே ஒரு ஊராட்சி அதைத் தன் வேலைப் பட்டியலில் முதலில் வைக்குமா? வைக்காது. அதில் அந்த ஊராட்சியின் தவறு ஒன்றும் இல்லை, ஏற்பாடுதான் அப்படி இருக்கிறது. இன்று கீரனூர்ப் பக்கத்து உழவர்களும் பனமலைப் பக்கத்து உழவர்களும் தனித்தனியாக மனுக் கொடுக்கிறார்கள். சேர்ந்து உட்கார்ந்தால் ஒரே மனு போதும். அதற்கு வலுவும் கூடும்.

இதை ஏதோ கனவு என்று நினைக்க வேண்டாம். நம் அரசியலமைப்புச் சட்டத்திலேயே இது இருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம் 243-இசட்.டி என்ற பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டக் குழு வேண்டும், அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் மாவட்ட ஊராட்சி, நகர உள்ளாட்சி உறுப்பினர்களால் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது அது. ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களில் அந்தக் குழு கவனம் செலுத்த வேண்டும் என்கிறது. அந்தப் பொது விஷயங்களில் தண்ணீரைப் பகிர்ந்துகொள்வதும் சுற்றுச்சூழலைக் காப்பதும் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கின்றன. நாம் கேட்பது புதிய சட்டத்தை அல்ல. முப்பது ஆண்டுகளாக இருக்கும் சட்டத்துக்கு உயிர் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நாம் ஒரு சிறு ஆற்றுக்குள்ளேயே தொடங்கலாம். ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில் அர்வரி என்ற சின்ன ஆறு. மக்களே ஜோகத் என்ற தடுப்புக் குளங்களைக் கட்டிக் கட்டி, செத்த ஆற்றை மீண்டும் ஓட வைத்தார்கள். 1990-களின் கடைசியில் எழுபது ஊர்கள் வரை சேர்ந்து அர்வரி நாடாளுமன்றம் என்று ஒரு சபை வைத்துக்கொண்டன. எந்தப் பயிர் போடுவது, தண்ணீரை எப்படி எடுப்பது என்று தாங்களே விதி செய்தார்கள். நம் பக்கத்திலேயே, வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் நாகநதிப் படுகையில் ஊர்ப் பெண்கள் நூறு நாள் வேலையில் நீர்செறிவுக் கிணறுகளும் கல் தடுப்புகளும் அமைத்து நிலத்தடி நீரை மேலே கொண்டுவந்தார்கள். நியூசிலாந்து 1989-இல் தன் வட்டாரச் சபைகளின் எல்லைகளை வகுத்தபோது பெரும்பாலும் ஆற்றுப் படுகைகளைப் பார்த்தே கோடு போட்டது. மலையில் விழும் மழை எந்தச் சபையின் பொறுப்பு என்ற கேள்வி அங்கே பெரும்பாலும் எழாது. நம் ஒன்றிய எல்லைகளையும் மாவட்ட எல்லைகளையும் நாம் மாற்ற முடியாது. எல்லைகளுக்கு மேலே ஒரு கூட்டத்தை மட்டும் வைக்க முடியும்.

இதற்கு எதிர்ப்பும் வரும் என்பது தெரியும். ஒரு ஏரிக்குள்ளேயே சண்டை உண்டு. ஆயக்கட்டுக்காரர் கலங்கலில் மணல் மூட்டை அடுக்கி நீர்மட்டத்தை உயர்த்துவார். நீர்பிடிப்புக்கு மேலே பயிர் வைத்தவர் வயல் மூழ்குதே என்று இரவில் வந்து மூட்டையை இழுத்துப் போடுவார். கோடி போகிற தண்ணீர் யாருக்கு என்று ஊருக்கும் ஊருக்கும் வழக்கு உண்டு. ஒரு ஏரிக்கு இப்படி என்றால் இரண்டு மாவட்டத்துக்கு எப்படி என்று கேட்கலாம். சண்டை இருக்கும் இடத்தில்தான் பொதுச் சபை வேண்டும். நிதி இல்லை என்பார்கள். 15-ஆவது நிதிக் குழு 2021 முதல் ஐந்தாண்டுக்கு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம் என்றே கட்டுப்பட்ட பணம். பிரச்சினை பணம் மட்டும் இல்லை. ஓடையின் மேல்பகுதியில் ஒருவர் தூர்வார, கீழ்ப்பகுதியில் இன்னொருவர் குப்பை கொட்டினால் அந்தப் பணமும் மண்ணோடு போகும்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நம் மாவட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் நாற்காலியில் யார் இருந்தாலும், இல்லாவிட்டாலும், கிராம சபை கூடும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கூடும் சபை நம் கையில் இருக்கிறது. அன்று மலையைச் சுற்றியுள்ள ஊர்களிலும், துரிஞ்சலாற்றுக் கரையிலும், கீரனூரிலிருந்து பனமலை வரை கால்வாய் போகும் ஊர்களிலும் ஒரே வாசகத்தில் ஒரு தீர்மானம் போடுவோம். மாநகராட்சி மன்றத்திலும் அதே தீர்மானத்தை வைப்போம். ஆடி மாதத்துக்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, இந்த உள்ளாட்சிகளும் துறைகளும் சேர்ந்த கூட்டுச் சபை ஒன்றை மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் கூட்ட வேண்டும் என்று அது சொல்லட்டும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மலையிலிருந்து ஏரி வரை எத்தனை ஓடைகள் இருந்தன என்பது கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புல வரைபடத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து, இன்று எது ஓடுகிறது, எது சாலைக்கு அடியில் போய்விட்டது என்று நடந்தே குறிக்க வேண்டும். ஆசிரமப் பக்கத்திலிருந்து சமுத்திரம் ஏரிக்கு வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்குகிறோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு மண்டப வாசலில் பதிவேடு வைத்திருக்கிறோம்.